புதிய பூமியும் எண்ணூர்ச் சாம்பலும்

"உலகம் சீக்கிரம் அழியப் போகிறது. விசுவாசிகள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். ஆகவே ஆற்றுக்காகவும் கடலுக்காகவும் கொடி பிடிக்காதே. ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்!"

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களில் ஒலிபெருக்கி வைத்து இந்த உபதேசம் செய்யப்படுகிறது. எல்லாச் சபைகளும் இப்படிப் பேசுவதில்லை. குருமார் பலர் இதை ஒப்புக்கொள்வதுமில்லை. ஆனால் வெள்ளம் வந்தாலும் எண்ணெய் பரவினாலும் விஷவாயு கசிந்தாலும், "கடைசி காலத்தின் அடையாளம்" என்று ஒரே பதிலைச் சொல்லும் பிரசங்கிகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பிக் கண்ணீரோடு வீடு திரும்பும் ஜனங்களும் இருக்கிறார்கள்.

இந்த உபதேசத்தைக் கேட்டு மகிழ்வது யார்? மீனவனா? அவன் வலையில் மீன் இல்லை. துறைமுகத்துக் காண்டிராக்ட் கூலியா? நாளை வேலை உண்டா என்று அவனுக்குத் தெரியாது. இறால் தடவப் போகும் இருளர் பெண்ணா? அவள் கால் புதைவது சாம்பலில். மகிழ்கிறவர் ஒருவர்தான். ஆற்றில் சாம்பலைக் கொட்டியவர், கால்வாயில் எண்ணெயை விட்டவர். அவருக்கு இதைவிடச் சிறந்த வக்கீல் கிடைக்க மாட்டார். பீஸ் கூட வாங்காத வக்கீல்!

கிறிஸ்தவ மக்களின் நம்பிக்கையைக் கேலி செய்வது நமது நோக்கமன்று. நமது குற்றச்சாட்டு வேறு. கிறிஸ்தவ உழைப்பாளியிடமிருந்து அவனுடைய சொந்த நம்பிக்கையே களவாடப்படுகிறது என்கிறோம். இந்தப் பூமி சீர்ப்படும், புதிதாகும், அதில் நியாயம் குடியிருக்கும் என்பதே அவன் வேதம் தரும் வாக்கு. அந்த வாக்கை மறைத்துவிட்டு, 'பூமி எரியும், நீ ஓடிப்போகலாம்' என்ற சரக்கை அவன் தலையில் கட்டுகிறார்கள். இது பித்தலாட்டம் என்பதை அவர்களுடைய வேதத்தைக் கொண்டே காட்டுவோம்.

இராயப்பர் என்ன சொன்னார்?

ராயபுரத்தின் பெயரிலேயே இராயப்பர் இருக்கிறார். இராயப்பர் என்றால் பேதுரு. கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு மசூலாப் படகில் போய்ச் சரக்கையும் மனிதரையும் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தப் பகுதிப் படகோட்டிகள். அவர்கள் தங்கள் காசில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய கோயில்தான் ராயபுரம் இராயப்பர் கோயில். ஒரு மீனவரின் பெயரால் கடல் உழைப்பாளிகள் கட்டிய கோயில்!

அந்த இராயப்பர் எருசலேமில் ஜனக்கூட்டத்தின் முன் பேசிய பேச்சு, அப்போஸ்தலர் நடபடிகளின் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சகலமும் திரும்பச் சீர்ப்படுத்தப்படும் காலம் ஒன்று வரும் என்கிறார். கவனியுங்கள்: சகலமும்! ஆத்துமா மட்டும் தப்பிக்கும், மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும் என்று அவர் சொல்லவில்லை. உடைந்தது பழுது பார்க்கப்படும் என்கிறார். அந்தப் பேச்சுக்கு முன்னால் நடந்தது என்ன? கோயில் வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த முடவன் எழுந்து நடந்தான். பேச்சுக்குப் பின்னால் நடந்தது என்ன? அதிகாரிகள் பேசியவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அடுத்த அதிகாரத்தின் முடிவில் என்ன? நிலமும் வீடும் உள்ளவர்கள் விற்றுக் கொண்டுவந்தார்கள். அவரவர் தேவைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. அவர்களில் இல்லாதவன் என்று ஒருவனும் இல்லை. சீர்ப்படும் உலகம் என்ற நம்பிக்கை கையும் காலும் முளைத்து நடந்தது இப்படித்தான்.

"ஆனால் உலகம் நெருப்பில் வெந்துபோகும் என்று அதே பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. அந்த இடத்தை முழுதாகப் படிக்கச் சொல்கிறோம். வரப்போகும் நெருப்பை அந்த நிருபம் எதனோடு ஒப்பிடுகிறது? நோவா காலத்து ஜலப்பிரளயத்தோடு. பிரளயத்தில் உலகம் அழிந்தது என்கிறது. சரி, பூமி காணாமற் போயிற்றா? நோவா பேழையிலிருந்து எந்த மண்ணில் இறங்கினார்? அதே மண்ணில். அங்கேதான் திராட்சைத் தோட்டமும் போட்டார். அழிந்தது அக்கிரமம், நின்றது பூமி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வாத்திக்கான் கைப்பிரதிகளில், பூமியும் அதில் செய்யப்பட்டவையும் 'எரிந்துபோகும்' என்று இல்லை. 'கண்டறியப்படும்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே இருக்கிறது. அதாவது, எவன் என்ன செய்தான் என்பது வெட்டவெளிச்சமாகும்! சாம்பல் கொட்டியவன் எவன், எண்ணெய் விட்டவன் எவன், கையெழுத்துப் போட்டவன் எவன் என்று தெரியும். அந்தப் பகுதியே முடிவில், நியாயம் குடியிருக்கும் புதிய பூமியை எதிர்பார்க்கச் சொல்கிறது. பிரசங்கிகள் நெருப்பை வைத்துக்கொண்டு நியாயத்தை விழுங்கிவிட்டார்கள்.

சின்னப்பர் என்னும் பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதையேதான் சொல்கிறார். படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் போலத் தவிக்கிறது, அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அதுவும் விடுதலை பெறும் என்பது அவர் கருத்து. பிரசவ வேதனை சாவுக்கு அறிகுறியா, பிறப்புக்கு அறிகுறியா? பெற்ற தாய்மார்களைக் கேளுங்கள்.

மேலே போவதா, கீழே வருவதா?

'மேலே போவோம்' என்பவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் அதிகம் காட்டுகிறார்கள். நல்லது, அதையே திறப்போம். 21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேம் எங்கே போகிறது? எங்கும் போகவில்லை. வானத்திலிருந்து பூமிக்கு இறங்கி வருகிறது! மனிதர் தெய்வத்தைத் தேடி மேலே ஓடவில்லை. தெய்வம் மனிதரோடு வாசம் பண்ண வருகிறது. ஞாயிறுதோறும் கோயிலில் சொல்லும் கர்த்தர் கற்பித்த ஜெபமும், தெய்வ சித்தம் இந்தப் பூமியில் நடக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. பூமியை விட்டு ஓடவேண்டும் என்று கேட்கவில்லை.

அந்தப் புத்தகம் எழுந்த இடமும் காலமும் முக்கியம். முதல் நூற்றாண்டு. ரோமாபுரி ஏகாதிபத்தியம் உலகைக் கசக்கிப் பிழிந்த காலம். பத்மு என்ற தீவில் இருந்த ஒருவர் எழுதுகிறார். 18ஆம் அதிகாரத்தில், பாபிலோன் என்று மறைபெயரிட்டு ரோமாபுரியின் வீழ்ச்சியைச் சொல்கிறார். யார் அழுகிறார்கள்? வியாபாரிகள் அழுகிறார்கள், கப்பல்காரர்கள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். சரக்கை வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள்! ஒரு நீண்ட சரக்குப் பட்டியலே வருகிறது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், திராட்சரசம், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு. கடைசிச் சரக்கு என்ன தெரியுமா? மனிதர்கள்! அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்தவனுக்கு இந்த அதிகாரம் புரியும். சரக்குக்குக் கணக்கு உண்டு, மனிதனுக்குக் கணக்கில்லை என்ற நியாயம் அவனுக்குப் புதிதன்று.

"புதிய பூமியில் சமுத்திரம் இல்லை என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் எங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று மீனவன் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் புத்தகத்தில் சமுத்திரம் என்பது மிருகம் எழும்பி வந்த இடம். ஏகாதிபத்தியத்தின் சரக்கும் அடிமையும் போன வழி. கொள்ளையின் வழி அடைபடும் என்பதே அங்கே பொருள். வேத அறிஞர் பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். வலை வீசும் கடல் எங்கே என்று கேட்டால், அதற்கு எசேக்கியேல் பதில் சொல்கிறார்.

எசேக்கியேலின் ஆறும் கொசஸ்தலை ஆறும்

எசேக்கியேல் பாபிலோனுக்குச் சிறை போனவர்களில் ஒருவர். நாடு இழந்து, வீடு இழந்து, அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் குடியேற்றப்பட்ட ஜனத்தின் தீர்க்கதரிசி. அவருடைய 47ஆம் அதிகாரத்தில் ஒரு தரிசனம். கோயில் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. ஆயிரம் முழம் போனால் கணுக்கால் ஆழம். இன்னும் ஆயிரம் முழம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. அதற்கு அப்பால் நீந்தித்தான் போகவேண்டும். அந்த ஆறு சாக்கடலில் போய் விழ, செத்த தண்ணீர் பிழைக்கிறது. மீன் ஏராளமாகப் பெருகுகிறது. மீனவர்கள் கரையில் நிற்கிறார்கள். வலைகளை விரித்துக் காயவைக்கிறார்கள். சேறும் சதுப்புமான இடங்கள் மட்டும் உப்புக்காக விடப்படுகின்றன.

ஆறு, மீன், வலை, சதுப்பு, உப்பு! எண்ணூர்க்காரனுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுமா? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் அவன் பாட்டன் கண்ட உலகமல்லவா இது? இறால், நண்டு, மடவை, மட்டி, கரையோரம் அலையாத்தி, பக்கத்தில் உப்பளம். புதிய உலகத்தைக் கனவு கண்ட தீர்க்கதரிசிக்குத் தங்கத் தெரு தோன்றவில்லை. மீன் பிடிபடும் ஆறு தோன்றியது!

இன்று அந்தக் கழிமுகத்தில் நடப்பது எசேக்கியேலின் தரிசனம் தலைகீழாக. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஓட்டையாகி, சாம்பல் ஆண்டுக்கணக்காக ஆற்றில் கொட்டியது. முன்பு படகு மிதந்த ஆழத்தில் இன்று சாம்பல் மேடு. நீந்தும் ஆழம் இடுப்பாகி, இடுப்பு முழங்காலாகி, முழங்கால் கணுக்காலாகி வருகிறது. இதைச் செய்தது தெய்வ கோபமா? இல்லை. துருப்பிடித்த குழாயை மாற்றும் செலவை மிச்சம் பிடித்த கணக்கு!

அடையாளமா, குற்றமா?

2017 ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடற்கரை நெடுகப் படிந்தது. விஞ்ஞான யுகத்தின் பெரிய துறைமுகப் பட்டணத்தில் அந்த எண்ணெயை எடுத்த கருவி என்ன? வாளி! ஜனங்கள் வரிசையாக நின்று வாளியால் மொண்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பெருமழை வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி எல்லாம் கறுத்தன. மறுபடியும் வாளியும் கையும்தான். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஒரு வலையின் விலைக்கும் ஒரு பருவத்தின் பட்டினிக்கும் இது எந்த மூலை?

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நட்சத்திர விளக்குகள் இன்னும் இறக்கப்படாத வீடுகளிலிருந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மூச்சுத் திணறி, இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு சுற்றுவட்டாரக் குப்பங்களின் ஜனங்கள் ஆலையை மூடக் கோரி நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று அம்மோனியா பேதம் பார்க்கவில்லை. போராட்டப் பந்தலும் பார்க்கவில்லை.

இவை மூன்றும் 'கடைசி காலத்தின் அடையாளங்கள்' என்றால், குழாய்க்கு உடையவன் யார்? கப்பலுக்கு உடையவன் யார்? அனுமதி தந்த சர்க்கார் எது? அடையாளத்துக்கு முதலாளி இல்லை. குற்றத்துக்கு முதலாளி உண்டு. குற்றத்தை அடையாளம் என்று சொல்வது, குற்றவாளியைக் கூண்டிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புவதாகும். பூமியைக் கெடுக்கிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அதே வெளிப்படுத்தின விசேஷத்தின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்த இடத்தை ஏன் ஒலிபெருக்கியில் படிப்பதில்லை?

காத்திருந்தவர்களும் எழுந்தவர்களும்

நாள் குறித்துக் காத்திருந்தவர்களின் கதை சரித்திரத்தில் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. திருவிதாங்கூரில் வித்துவான் குட்டி எனப்பட்ட யுஸ்தூஸ் யோசேப்பு 1881ஐக் குறித்தார். யுயோமயம் என்ற சபை அதிலிருந்து பிறந்தது. அந்த 1881 நவம்பரில் சென்னைக்கு வந்தது புயல். கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவர்களை இடித்துப் போட்டது. துறைமுகத்தைக் கட்டுவித்தவர்கள் என்ன செய்தார்கள்? கடைசி காலம் வந்துவிட்டதென்று உட்கார்ந்தார்களா? மறுபடி கட்டினார்கள்! அந்தச் சுவர்கள் வடக்கே போகும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. பணக்காரன் இந்தப் பூமியில்தான் எப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறான். ஏழைக்கு மட்டும்தான் வேறு பூமி என்று சொல்லப்படுகிறது.

அதே நம்பிக்கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1525ல் தாமஸ் முன்ட்சர் என்ற பாதிரியார், தெய்வ ராஜ்யம் இந்தப் பூமியில் வரவேண்டியது என்று பிரசங்கித்துக் குடியானவர்களோடு நின்றார். தோற்றுத் தலையைக் கொடுத்தார். இங்கிலாந்தில் 1649ல் வின்ஸ்டன்லியும் அவருடைய தோழர்களும், பூமி எல்லோருக்கும் பொது என்று சொல்லித் தரிசு நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நமது திருநெல்வேலிச் சீமையில், 2011ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்த மீனவ ஜனங்கள் எங்கே கூடினார்கள்? இடிந்தகரை லூர்து மாதா கோயில் வாசலில். அந்தக் கோயில் மணி ஜனங்களை 'மேலே வா' என்று அழைக்கவில்லை. 'வெளியே வா' என்று அழைத்தது.

'அபின்' என்று சொல்லி முடித்துவிடலாமா?

நம்மிலே சிலர், "மதம் மக்களின் அபின் என்று மார்க்ஸ் 1844லேயே சொல்லிவிட்டார், பிறகென்ன பேச்சு?" என்று கேட்கக்கூடும். மார்க்ஸ் அந்த வரியோடு நிறுத்தவில்லை. ஒடுக்கப்பட்டவனின் பெருமூச்சு அதிலே இருக்கிறது, துன்பத்துக்கு எதிரான ஆட்சேபமும் இருக்கிறது என்று அதே இடத்தில் எழுதினார். ஏங்கெல்ஸ் 1894ல் ஆதிக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதும்போது, அதை அடிமைகளும் ஏழைகளும் சேர்ந்த இயக்கம் என்று கணித்துத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டார். மீனவர் குலத்தில் பிறந்து, 1923ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் பரலோகத்தை நம்பியவரல்லர். ஆனால் நம்புகிறவனைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கூட்டம் போடவில்லை.

நமக்கும் கிறிஸ்தவ விசுவாசிக்கும் உள்ள வித்தியாசத்தை மூடி மறைக்க வேண்டாம். புதிய பூமியைத் தெய்வம் கொண்டுவரும் என்கிறார் அவர். மனிதர் கைகள்தான் கொண்டுவர வேண்டும் என்கிறோம் நாம். இந்த வழக்கு இன்று தீராது. தீர வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால் வரவேண்டிய பூமி எப்படி இருக்கவேண்டும் என்பதில் வழக்கு ஏது? வீட்டைக் கட்டியவனே அதில் குடியிருப்பான், தோட்டம் வைத்தவனே அதன் பலனைத் தின்பான், ஒருவன் உழைக்க மற்றொருவன் அனுபவிப்பது இராது என்று ஏசாயா தீர்க்கதரிசி 65ஆம் அதிகாரத்தில் புதிய பூமியை வருணிக்கிறார். அனல் மின் நிலையத்தைக் கட்டிய கொத்தனுக்கும், துறைமுகத்தைக் கட்டிய கூலிக்கும், இதில் ஏதாவது மாற்றுக் கருத்து உண்டா?

சபைகளுக்கு ஒரு கேள்வி

ஆகவே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ச் சபைகளின் குருமார்களையும் மூப்பர்களையும் பகிரங்கமாகக் கேட்கிறோம். போப் பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட சுற்றுமடல், பூமியைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒரே கடமை என்றது. அது கோயில் அலமாரியில் இருக்கிறதா, குப்பத்துக்கு வந்ததா? நீங்கள் எதிர்பார்க்கும் புதிய பூமியில் கொசஸ்தலை ஆறு உண்டா, இல்லையா? உண்டென்றால், அதில் சாம்பல் கொட்டுகிறவனை இன்று தடுப்பது விசுவாசத்துக்கு விரோதமா?

கோரிக்கைகள் தெளிவானவை. கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றி ஆற்றுக்குப் பழைய ஆழத்தைத் திருப்பிக் கொடு! அதன் செலவைக் கெடுத்தவனிடம் வசூலி! எண்ணெயாலும் வாயுவாலும் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு நஷ்டஈடும் தொடர்ந்த வைத்தியமும் கொடு! 2018ல் அதானி கம்பெனி வசம் போன காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கப் போட்ட திட்டத்தைக் கைவிடு! மீனவன் கையெழுத்தில்லாமல் கடற்கரையில் ஒரு கல்லும் நடாதே!

கிறிஸ்தவ உழைப்பாளியே! சகலமும் சீர்ப்படும் என்று சொன்னவர் உன் ஊர்க் கோயிலின் இராயப்பர். அந்த வாக்கு உன் சொத்து. அதைப் பிடுங்கிக்கொண்டு, மேலே போக ஒரு டிக்கெட்டைக் கையில் திணிக்க வருகிறவனிடம் ஏமாறாதே. ஜெபம் பண்ணுவதை நாங்கள் தடுக்கவில்லை. முழங்காலில் நின்று கேட்டதை, எழுந்து நின்றும் கேள். காட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் உன் அண்டை வீட்டார் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உனக்கு இடம் இருக்கிறது.

எண்ணூர் கழிமுகம் எண்ணூர் மக்களுக்கே!